தாடை உடைந்தால் சோறு ஏது?



"இந்தா, கிட்டத்தானே போறேன். அதுக்கு எதுக்குண்ணே பக்கிள்?" என்று கேட்ட தம்பியை அடுத்து நான் பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். பெரட்டுக்குப் போகும் அவசரம். தோட்டத்துச் செம்மண் பாதையிலிருந்து பெரிய சாலைக்கு ஏறும் முனையில் லோரி மோதிவிட்டது. தலைக்கவசம் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். கீழ்த்தாடை இரண்டு இடத்தில் முறிவு. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் கஞ்சித் தண்ணிதான். செம்பனைக் குலை வெட்டுகிறவன் கஞ்சித் தண்ணியில் என்ன வேலை செய்வான்?

முன்பு லயத்திலிருந்து நடந்தே வேலைக்குப் போனோம். இன்று நம்மில் பலர் குளுவாங், கூலாய், சிகாமட் பட்டணங்களின் வீடமைப்புப் பகுதிகளிலிருந்து மோட்டார் சைக்கிளில்தான் போகிறோம். 2023-இல் மலேசியச் சாலைகளில் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்களே. செத்தவர்களை எண்ணுகிறோம், முகம் உடைந்து பிழைத்தவர்களை யார் எண்ணுகிறார்கள்?

1973-லேயே தலைக்கவசம் சட்டமாகிவிட்டது. ஆனால் முகம் திறந்த கவசம் மண்டையைத்தான் காக்கும். தாடைக்கும் மூக்குக்கும் அதில் காவல் இல்லை. முழுமுகக் கவசமே நல்லது. சிரிம் முத்திரை பார்த்து வாங்குங்கள். பக்கிள் மாட்டாத கவசம் தலையில் வைத்த சட்டிதான்.

விபத்துக்குப் பின் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராவிட்டால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், கன்னம் மரத்துப்போனால், எலும்பு முறிந்திருக்கலாம். மூக்கில் தண்ணீர் போல் வடிந்தால் மண்டை ஓட்டிலும் அடிபட்டிருக்கலாம். "வீக்கம்தானே, தைலம் போட்டாச் சரியாயிடும்" என்று வீட்டில் கிடக்காதீர்கள். நாள் கடந்தால் எலும்பு கோணலாகக் கூடிவிடும். பிறகு நிமிர்த்துவது பெரும்பாடு. ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையில் இதற்கென்றே வாய், முக அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

அடுத்தது உரிமை. வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் வழக்கமான வழியில் போகும்போது நடக்கும் விபத்தும் வேலை விபத்துதான். 1969-ஆம் ஆண்டு சொக்சோ சட்டம் அதைச் சொல்கிறது. சொந்தக் காரியத்துக்காக வழி மாறிப் போயிருந்தால் கேட்க முடியாது. மருத்துவ விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், கணக்கிட்ட தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். கடி சேராமல் போனாலும், பார்வை குறைந்தாலும் நிரந்தர ஊனத்துக்கு விண்ணப்பித்து மருத்துவ வாரியத்தின் முன் நிற்கலாம். 2019 முதல் நம்மோடு உழைக்கும் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு.

ஆகவே உடனே போலீஸ் புகார் செய்யுங்கள். மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். விபத்து நடந்ததைக் கிராணியிடம் சொல்லுங்கள். நிர்வாகம் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். இழுத்தடித்தால் சங்கத்துக்கு வாருங்கள்.

நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை: இருட்டில் ஆளைக் கூப்பிடுகிறீர்கள்; பாதை முனையில் ஒரு விளக்குப் போடக் கூடாதா?

தோழர்களே, விளக்கை நாங்கள் கேட்டு வாங்குகிறோம். பக்கிளை நீங்கள் மாட்டுங்கள்.