கம்பத்துக்கு வரும் தாதி தோட்டத்துக்கு வரக்கூடாதா?

மாவட்ட சுகாதார இலாகாவின் வேலை என்ன? கர்ப்பிணிகளைக் கவனிப்பது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது, நீரிழிவுக்காரருக்கும் இரத்தக் கொதிப்புக்காரருக்கும் மாதா மாதம் மருந்து கொடுப்பது, காசநோயாளிகளைத் தேடிக் கண்டுபிடித்துக் குணப்படுத்துவது, கொசுவை ஒழிப்பது. குடியுரிமை உள்ளவர் ஒரு வெள்ளி கட்டினால் அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரைப் பார்த்து மருந்தும் வாங்கி வரலாம். பணக்கார நாடுகள் சிலவற்றிலும் கிடைக்காத வசதி இது. நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் இத்தனை சேவையும் தோட்டத்து வாசற்சங்கிலி வரை வந்து ஏன் திரும்பிப் போகிறது?

“தோட்டம் தனியார் நிலம். அங்குள்ளவர்களை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்” என்கிறார்கள். இது பழைய பாட்டு. 1926ல் வெள்ளையர் ஆட்சியில் சுகாதார வாரியச் சட்டம் ஒன்று வந்தது. தோட்டங்களிடம் பணம் வசூலித்து, பல தோட்டங்களுக்கும் பொதுவாக மருத்துவம் நடத்தலாம் என்று எண்ணினார்கள். துரைமார் எதிர்த்தார்கள். ரப்பர் விலை வீழ்ந்து கிடந்த 1933ல் வாரியமே கலைக்கப்பட்டது. பிறகு 1956ல் கிராம சுகாதாரத் திட்டம் வந்தது. 50,000 பேருக்கு ஒரு தலைமை நிலையம், 4 துணை நிலையங்கள், 20 மருத்துவச்சி நிலையங்கள் என்று கணக்குப் போட்டார்கள். நல்ல கணக்கு! கம்பத்து மக்கள் பலனடைந்தார்கள். அதில் நமக்கு மகிழ்ச்சியே. லயத்து மக்களோ முதலாளியின் பொறுப்பு என்று விடப்பட்டார்கள்.

அந்தப் பொறுப்பு எந்த லட்சணத்தில் நிறைவேறுகிறது? தோட்டத்து டிரசர்களைப் பதிவு செய்ய 1965ல் சட்டம் வந்தது. குறைந்தபட்ச வீட்டு வசதி, மருத்துவ வசதி பற்றி 1990ல் இன்னொரு சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது; டிரசரைத்தான் பல தோட்டங்களில் காணோம். நாம் அறிந்த ஒரு தோட்டத்தில் மருந்துக் கொட்டகை இன்று களைக்கொல்லி வைக்கும் ஸ்டோர். மருந்துக் கொட்டகை என்ற பெயர் மட்டும் இன்னும் பொருந்துகிறது!

செக்ரோல் எழுதுகிறவர்கள் என்பதால் நமக்கு இன்னொன்றும் தெரியும். மரம் வெட்டும் நேரமும் கிளினிக் திறக்கும் நேரமும் ஒன்றே. நீரிழிவுக்கார அம்மா ஒருவர் மாத மருந்துக்குப் போனால் அன்று பால் இல்லை. பால் இல்லையென்றால் சம்பளம் இல்லை. செம்மண் சடக்கில் நடந்து, பஸ் பிடித்து, நம்பர் எடுத்துக் காத்திருந்து, நடுப்பகலில் வெளியே வரும்போது கையில் இருப்பது வந்து போனதற்கான நேரச் சீட்டு. தொழில் சட்டம் நோய் விடுப்பு தருகிறது: இரண்டு ஆண்டுக்குள் 14 நாள், ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். ஆனால் அதற்கு டாக்டரின் சான்று வேண்டும். நேரச் சீட்டு செல்லாது. ஆகவே ஒரு வெள்ளி வைத்தியத்துக்கு ஒரு நாள் கூலி விலை! இரண்டு மாதம் போவார். மூன்றாம் மாதம் நின்றுவிடுவார். காலில் புண் வந்த பிறகும் பூட்சை மாட்டிக்கொண்டு மரத்துக்குப் போகிறவர்கள் நம் லயங்களில் உண்டு. பிறகு ஆஸ்பத்திரியில் விரலை எடுக்கிறார்கள், பாதத்தை எடுக்கிறார்கள். 2019ன் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டில் பெரியவர்களில் 18.3 சதவிகிதத்தினருக்கு நீரிழிவு என்றது; இந்தியரில் அது 31.4 சதவிகிதம். “சீனியைக் குறையுங்கள்” என்று சுவரொட்டி ஒட்டுவோர், மாதா மாதம் ஒரு நாள் கூலியை யார் குறைக்கிறார்கள் என்றும் கேட்கட்டும்.

தனியார் நிலம் என்ற வாதத்தையும் பார்த்துவிடுவோம். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ம் ஆண்டுச் சட்டப்படி, கொசுப் புழு இருக்கிறதா என்று பார்க்க இலாகா அதிகாரி யாருடைய நிலத்துக்குள்ளும் நுழையலாம். மழை நீர் தேங்கிய பால் மங்கில் டெங்கிக் கொசு முட்டையிடும் என்பது அவர்கள் அறிந்ததே. மங்கைப் பார்க்க வரலாம். அந்த மரத்தை வெட்டும் மனிதனைப் பார்க்க வரக்கூடாதாம்! கொசுப் புழுவுக்குக் கிடைக்கும் மரியாதை நமக்கு வேண்டாமா?

வங்காள தேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம்மோடு உழைக்கும் தோழர்களுக்கும், இங்கேயே பிறந்தும் குடியுரிமைப் பத்திரம் கிடைக்காதவர்களுக்கும் ஒரு வெள்ளிக் கட்டணம் கிடையாது. பல மடங்கு கட்ட வேண்டும். ஆகவே இருமலை மறைத்துக்கொண்டு லயத்தில் படுக்கிறார்கள். காசநோய் அடையாள அட்டை பார்த்துத் தொற்றுவதில்லை.

நாம் புதிய ஆஸ்பத்திரி கட்டித் தரச் சொல்லவில்லை. மாதம் ஒரு முறை, பால் நிறுத்து முடிந்த பிற்பகலில், ஒரு டாக்டரும் தாதியும் தோட்டத்துக்கு வரட்டும். ஓர் அறையும் தண்ணீரும் நிர்வாகம் கொடுக்கட்டும். கிளினிக்குக்கே போக வேண்டியவர்களுக்கு வண்டி அனுப்பி, அன்றைய கூலியையும் செக்ரோலில் போடட்டும். இது சலுகை அல்ல, பாக்கி.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு கணக்கு எடுக்க வேண்டும்: எத்தனை பேர் மாத மருந்து எடுக்கிறார்கள், எத்தனை பேர் நிறுத்திவிட்டார்கள், எத்தனை கர்ப்பிணிகள், கிளினிக் எத்தனை மைல். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அதைக் கையில் வைத்துக்கொண்டு மாவட்ட சுகாதார அதிகாரியைப் பார்க்கப் போவோம்.