வலது கம்யூனிஸ்ட் வலதுசாரியா?

ஒரகடம் கூட்ரோட்டில் ஒரு டீக்கடை. ஷிப்டு முடிந்து வந்த இளைஞர் ஒருவர், தகப்பனாருக்குப் பத்திரிகை படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "வலதுசாரி" என்ற சொல் வந்தது.

"ஓகோ, கதிர் அரிவாள் கட்சியா?" என்றார் பெரியவர். மகன் விழித்தார்.

பெரியவர் சொன்னது தவறுதான். ஆனால் அது பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் பழக்கிய தவறு.

1789-ல் பிரெஞ்சு தேசிய சபையில் ஒரு விவாதம் நடந்தது. சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் மன்னருக்கு வேண்டும் என்றவர்கள் தலைவரின் வலது பக்கம் உட்கார்ந்தார்கள். கூடாது என்றவர்கள் இடது பக்கம் உட்கார்ந்தார்கள். இப்படிப் பிறந்த பெயர்களை இங்கிலீஷில் "லெப்ட் விங்", "ரைட் விங்" என்கிறார்கள். விங் என்றால் சிறகு. தமிழில் சிறகை விட்டுவிட்டுச் "சாரி" என்று சொன்னார்கள். தெருவின் இந்தச் சாரி, அந்தச் சாரி என்கிறோமே, அந்தச் சாரிதான். நல்ல சொல்!

1964-ல் இந்திய கம்யூனிஸ்ட் கட்சி பிளந்தது. பிரிந்து சென்ற மார்க்சிஸ்டுகளை "இடது கம்யூனிஸ்ட்" என்றும், பழைய கட்சியை "வலது கம்யூனிஸ்ட்" என்றும் எழுதினார்கள். ஒரு வீட்டில் அண்ணனுக்கு வலது அறை, தம்பிக்கு இடது அறை. ஆனால் அந்த வீடே தெருவின் இடது சாரியில் அல்லவா இருக்கிறது! இருவருமே இடதுசாரிகள்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரகடத்துக்கு அருகே சுங்குவார்சத்திரத்தில், சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9-ந் தேதி வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது 37 நாள் நீடித்தது. முன்னின்றது மார்க்சிஸ்ட் கட்சியைச் சார்ந்த சி.ஐ.டி.யு. அப்போது மாநிலத்தை ஆண்டது தி.மு.க. மார்க்சிஸ்ட் கட்சியோ அதன் கூட்டணியில் இருந்தது. ஆகவே "இடதுசாரிச் சங்கம்" என்று எழுதினால் சரி. "எதிர்க்கட்சிச் சங்கம்" என்று எழுதினால் பிழை. இடதுசாரி என்பது கொள்கையைக் குறிக்கும். எதிர்க்கட்சி என்பது சட்டசபையில் உட்காரும் இடத்தைக் குறிக்கும். (இடதுசாரியும் நாற்காலியில் பிறந்த சொல்தான், எப்போதோ எழுந்து வெளியே வந்துவிட்டது!)

ஒரு சொல்தானே என்று விட முடியாது. அந்தத் தொழிலாளர்கள் கேட்டது சங்கத்துக்கு அங்கீகாரமும் சம்பள உயர்வும். "எதிர்க்கட்சி" என்று போட்டுவிட்டால், வாசகர் அதை ஓட்டுக்கான சண்டை என்றே எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

கட்சியின் சொந்தப் பெயரையே எழுதலாமே! தலைப்பில் இடம் போதாது என்பார்கள். "இ.கம்யூ." என்று போடட்டும். "வலது கம்யூனிஸ்ட்" என்பதைவிட அது சிறியதுதான்.