மாளிகைக்கு ஒப்பாரி போதும் மக்கா!

இங்கிலாந்துல ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பக்கம் இருந்த தியோபால்ட்ஸ் மாளிகையைப் பத்தி யார் எழுதினாலும் கடைசியில "அடடா, இடிச்சுட்டாங்களே"ன்னு ஒரு ஒப்பாரி. எரிச்சலா வருது சாமி!

எலிசபெத் ராணியின் அமைச்சர் வில்லியம் செசில் கட்டிய வீடு அது. ராணி வந்தா ஆட்டமும் கூத்தும்தான். சரி, ஆடினவன் நிலைமை? 1572-ல் ஒரு சட்டம் போட்டாங்க. பிரபு எவரோட ஆதரவும் இல்லாம, நீதிபதிகளோட அனுமதியும் இல்லாம சுத்துற நடிகன் நாடோடிப் போக்கிரியாம். மாட்டினா சவுக்கடி, காதைச் சுட்டுத் துளை போடுறது. அதே வருஷம்தான் நம்ம செசில் அரசின் கருவூலத் தலைவர் ஆனார்!

1606-ல் அதே வீட்டில் ஜேம்ஸ் மன்னருக்கும் டென்மார்க் ராஜாவுக்கும் விருந்து. வேஷம் கட்டினவங்க போதையில் உளறினாங்க, டென்மார்க் ராஜாவே ஆடப்போய் விழுந்து, அவரைத் தூக்கிட்டுப் போனாங்கன்னு ஜான் ஹாரிங்டன் கடிதத்தில் இருக்கு. ராஜா விழுந்தா அது தமாஷ். ஊர்சுத்தி நடிகன் தெருவில் நின்னாலே குற்றம். இது என்ன நியாயம்?

1607-ல் வீடு ராஜா கைக்கு மாறினப்போ நடந்த கேளிக்கையை எழுதினவர் பென் ஜான்சன். ஒரு காலத்தில் கொத்து வேலை பார்த்தவர், 1597-ல் நாடகம் எழுதி ஜெயிலுக்கும் போனவர். 1649-ல் மன்னராட்சி விழுந்தது, அப்புறம் மாளிகையும் போச்சு. அந்தக் கொத்தனார் எழுத்து மட்டும் இன்னிக்கும் இருக்கு.

செங்கல்லுக்கு அழுதது போதும். காது சுடப்பட்ட அந்தப் பேர் தெரியாதவங்களுக்கு ஒரு வரி எழுதுங்கப்பா!