சைவச் சிலந்தி

சிலந்தி எதை உண்டு வாழ்கின்றது என்று எந்தச் சிறுபிள்ளையைக் கேட்டாலும், ஈயையும் பூச்சியையும் உண்டு வாழ்கின்றது என்றே விடை வரும். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே கற்பித்தோம். "சிலந்திகள் யாவும் ஊனுண்ணிகள்" என்று கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதி, "யாவும்" என்ற சொல்லின் கீழே கோடும் இட்டோம். அந்தக் கோட்டை நம் கையாலேயே அழிக்கவைத்த ஒரு சிற்றுயிரின் வரலாற்றை இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

வீட்டுச் சுவரிலும் யன்னற் கட்டையிலும் திரிகின்ற ஒரு சிறிய சிலந்தியை எல்லோரும் கண்டிருப்பர். அது வலை பின்னிக் காத்திருப்பதில்லை. ஈ ஒன்று வந்து அமர்ந்தால், பூனையைப் போலப் பதுங்கிச் சென்று ஒரே பாய்ச்சலிற் பற்றிவிடும். நம்மவர் இதற்கு ஈப்புலி என்று பெயரிட்டனர். எத்துணைப் பொருத்தமான பெயர்! அதற்குள்ள எட்டுக் கண்களில் முன்னிருக்கும் இரண்டும் பெரியவை, மிகுந்த கூர்மையுடையவை. உலகில் இதுவரை 50,000க்கு மேற்பட்ட சிலந்தி இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் 6,000க்கு மேற்பட்டவை இந்த ஈப்புலிக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

அக்குடும்பத்து இனம் ஒன்றுக்கு, 1896 ஆம் ஆண்டில், அமெரிக்காவைச் சேர்ந்த ஜோர்ஜ் பெக்கம், எலிசபெத் பெக்கம் என்னும் தம்பதியர் "பகீரா கிப்ளிங்கி" என்று பெயர் சூட்டினர். றட்யாட் கிப்ளிங் எழுதிய வனக்கதை நூல் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே வெளிவந்திருந்தது. அந்நூலில் வரும் கருஞ்சிறுத்தையின் பெயர்தான் பகீரா. நம்மவர் புலியை நினைத்தனர். அவர்கள் சிறுத்தையை நினைத்தனர். பாய்ந்து கொல்லும் விலங்கின் பெயரைப் பெற்ற இச்சிலந்தியும் கொன்று தின்னும் என்பதில் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை.

ஆனால் அத்தம்பதியர் விவரித்தது ஓர் ஆண் சிலந்தியின் உடலை மாத்திரமே. பெண் சிலந்தியின் வடிவம் நூல்களில் ஏறுவதற்கு மேலும் நூறு ஆண்டுகள் சென்றன. 1996 இலேதான் வேயின் மடிசன் என்னும் அறிஞர் அதனை விவரித்தார். கால் எத்தகையது, கண் எத்தகையது என்பன எல்லாம் எழுதப்பட்டன. அது எதை உண்கின்றது என்பதை மாத்திரம் ஒருவரும் எழுதவில்லை.

அதை அறிய வேண்டுமாயின் அச்சிலந்தி வாழும் மரத்தின் அடியிற்சென்று நிற்றல் வேண்டும். மெக்சிக்கோ, குவாத்தமாலா, கொஸ்தா ரிக்கா ஆகிய நாடுகளில் ஒருவகை முள்மரம் உண்டு. நம் நாட்டு உடைமரத்துக்கும் கருவேலுக்கும் அது உறவினம். அதன் முட்கள் மாட்டுக் கொம்புபோலப் பருத்தவை. எறும்புகள் அவற்றைக் குடைந்து, உள்ளே குடியிருக்கின்றன. மரம் அவ்வெறும்புகளுக்கு வீட்டோடு உணவும் கொடுக்கின்றது. இலைக் காம்பிலே தேன் சுரக்கின்றது. சிற்றிலைகளின் நுனியிலே புரதமும் கொழுப்பும் நிறைந்த சிறு மணிகள் தோன்றுகின்றன. நிக்கராகுவா நாட்டில் வாழ்ந்த தோமஸ் பெல்ற் என்னும் ஆங்கிலேயர் 1874 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவற்றை விவரித்தமையால், இவை பெல்ற் மணிகள் எனப்படுகின்றன. உண்ட கடனுக்கு எறும்புகள் மரத்தைக் காவல் காக்கின்றன. தழை மேய வரும் விலங்கையும் இலை தின்ன வரும் புழுவையும் கடித்து விரட்டுகின்றன; சுற்றிப் படரும் கொடியையும் அறுத்தெறிகின்றன. எறும்புகளை நீக்கிவிட்டால் மரம் நலிவுறும் என்பதை 1960களில் டானியல் ஜான்சன் என்னும் அறிஞர் பரிசோதனை செய்து நிறுவினார்.

இந்த மரத்திலேதான் பகீரா வாழ்கின்றது. 2001 ஆம் ஆண்டில் கொஸ்தா ரிக்காவில் எரிக் ஒல்சன் என்பவரும், 2007 ஆம் ஆண்டில் மெக்சிக்கோவில் கிறிஸ்தோபர் மீகன் என்பவரும், ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே காட்சியைக் கண்டனர். சிலந்தி பெல்ற் மணியைக் கொய்து தின்றுகொண்டிருந்தது! மீகன் அப்போது பட்டம் பெறாத ஒரு பல்கலைக்கழக மாணவர் என்பதை நம் மாணவர்கள் மனத்திற் கொள்வார்களாக. பின்னர் இருவரும் இணைந்து, பலமுறை பார்த்தும் படம் பிடித்தும் கணக்கிட்டனர். மெக்சிக்கோவில் அச்சிலந்தியின் உணவில் 90 வீதத்துக்கு மேற்பட்டது அம்மணியே. கொஸ்தா ரிக்காவில் ஏறத்தாழ 60 வீதம். அதன் உடலிலுள்ள நைதரசனும் சோதிக்கப்பட்டது. ஊன் உண்ணும் பிராணியின் உடலில் பாரங்கூடிய நைதரசன் அணுக்கள் மிகுந்தும், தழையுண்ணியின் உடலிற் குறைந்தும் இருத்தல் இயல்பு. அச்சோதனையும் இது பெரும்பாலும் தாவரத்தையே உண்கின்றது என்று சான்று பகர்ந்தது. 2009 ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. பெயர் சூட்டி 113 ஆண்டுகளுக்குப் பின்னரே அதன் உணவு உலகுக்குத் தெரியவந்தது.

சைவச் சிலந்தி என்று தலைப்பிட்டுவிட்டோம். ஆயினும் அதனை ஒரு சீலனாக எண்ணிக் கைகூப்ப விரும்பும் வாசகர்கள் சற்றுப் பொறுத்தல் வேண்டும். அம்மணிகள் காவல் செய்யும் எறும்புகளுக்கு மரம் கொடுக்கும் கூலி. பகீரா காவல் செய்வதில்லை. கூலியை மாத்திரம் களவாடுகின்றது. எறும்புகள் அதிகம் நடமாடாத முதிர்ந்த இலைகளிலே கூடு கட்டுகின்றது. எறும்பு வருவதைத் தூரத்திலேயே கண்டு பாய்ந்து விலகுகின்றது. நெருக்கடி மிகுந்தால் நூலைப் பற்றிக்கொண்டு கீழே தொங்கிவிடுகின்றது. வேட்டைக்கு அமைந்த கண்ணும் காலும் களவுக்கு உதவுகின்றன. போதாக்குறைக்கு, எறும்புகள் தூக்கிச் செல்லும் புழுக்குஞ்சுகளை இடையிடையே பறித்துத் தின்பதும் உண்டு. அது விரதம் பூண்டதும் அன்று, பாவம் செய்வதும் அன்று. கிடைக்கும் இடத்திற் கிடைப்பதை உண்டு வாழ்கின்றது. அறமும் மறமும் நாம் ஏற்றிச் சொல்வனவே.

இனி நம் குறை ஒன்றைச் சொல்லி முடிப்போம். ஆசிரியத் தொழிலில் நாம் புகுந்த புதிதில், மாணவன் ஒருவன் தன் அவதானக் குறிப்பேட்டில், "எங்கள் வேலியிலுள்ள பூவரசின் இலையடியிற் கசியும் தேனை ஓர் ஈப்புலி குடித்தது" என்று எழுதியிருந்தான். நாம் சிவப்பு மையால் அதனை வெட்டி, "தவறு, சிலந்தி ஊனுண்ணி" என்று எழுதினோம். "நான் கண்டேன் ஐயா" என்றான். "பூச்சி பிடிக்கக் காத்திருந்திருக்கும்" என்று கூறி அவனை இருத்திவிட்டோம். அவன் மறுத்துப் பேசவில்லை. அதன்பின் அக்குறிப்பேட்டில், பாடப்புத்தகத்தில் உள்ளதை அன்றி வேறொன்றையும் அவன் எழுதவில்லை.

ஈப்புலிகள் பல பூந்தேன் அருந்துகின்றன என்பதை, 90 இனங்களைச் சோதித்து, நியூசிலாந்தின் றொபேட் ஜாக்சனும் அவருடைய துணைவர்களும் 2001 ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தனர். அதை நாம் படித்திருக்கவில்லை. படியாதது சிறு குற்றம். கண்டேன் என்று சொன்ன பிள்ளையோடு வேலியடிக்குச் சென்று பாராதது பெருங்குற்றம். பகீராவைப் பற்றிப் படித்த நாளிலிருந்து அந்தச் சிவப்புக் கோடு நம் நினைவை விட்டு அகலவில்லை.

இப்போது நாம் கரும்பலகையில் "யாவும்" என்று எழுதுவதில்லை. "பெரும்பாலானவை" என்றே எழுதுகின்றோம். அந்த மாணவன் இன்று எங்கே இருக்கின்றானோ அறியோம். அவன் கண்ணில் இவ்வரிகள் படுமாயின், அன்று வெட்டிய புள்ளியை இன்று திருப்பித் தருகின்றோம் என்று அறிவானாக. மற்றைய மாணவர்களுக்கு ஒன்று கூறுவோம்: இன்று ஞாயிறு. பூவரசு நிற்கும் வேலி இருந்தால், அரைமணி நேரம் அதன் அருகே அமருங்கள். கண்டதைக் கண்டவாறே எழுதுங்கள். ஆசிரியர் தவறு என்றால், அவரையும் அழைத்துச் சென்று காட்டுங்கள்.