வெள்ளரிப் பாத்தியில் ஒரு பிணம்



இந்த இதழ் அச்சுக்குப் போக வேண்டிய இரவில், மெய்ப்புத் தாள்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நான் ஒரு நாவல் படித்துக்கொண்டிருந்தேன். தாமதத்துக்கு மின்வெட்டைக் காரணம் சொல்லியிருந்தேன். எங்கள் உதவி ஆசிரியர் மன்னிக்கட்டும்.

ஆலன் பிராட்லியின் 'தி ஸ்வீட்னெஸ் அட் தி பாட்டம் ஆஃப் தி பை'. காலம் 1950, இடம் இங்கிலாந்தில் ஒரு கற்பனைக் கிராமம். அங்கே, பராமரிக்கப் பணமில்லாமல் பாழடைந்துவரும் ஒரு பழைய மாளிகை. ஒரு நாள் அதன் சமையலறை வாசலில் செத்த உள்ளான் பறவை ஒன்று கிடக்கிறது; அலகில் ஒரு தபால்தலை குத்தப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்து வீட்டுக்காரரின் முகம் வெளிறிப்போகிறது. அடுத்த விடியலில் தோட்டத்து வெள்ளரிப் பாத்தியில் முன்பின் தெரியாத ஒருவன், அவருடைய கடைக்குட்டி மகள் ஃப்ளேவியாவின் கண்ணெதிரே உயிரை விடுகிறான். அவளுக்கு வயது 11. அலறியடித்து ஓடுவாள் என்று பார்த்தால், இத்தனை சுவாரசியம் தன் வாழ்நாளில் வாய்த்ததில்லை என்று பூரித்து நிற்கிறாள்!

தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்திக்கொண்டே துப்பறிந்ததைப் படித்து வளர்ந்தவள் நான். இங்கே தலைகீழ். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர், பிணத்தைக் கண்டவளையே தேநீருக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி அனுப்புகிறார். அந்த அவமானம் அவளுக்கு ஆறவே இல்லை. ஆனால் அவளுடைய பலமும் அதுதான். சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று பெரியவர்கள் எல்லாவற்றையும் அவள் காதுபடப் பேசுகிறார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் எங்கே போனாலும் யாரும் கேட்பதில்லை. போதாததற்கு, முன்னோர் ஒருவர் விட்டுப்போன ரசாயனக் கூடம் அவள் வசம். அக்காவின் லிப்ஸ்டிக்கை உருக்கி, அரிப்புச் செடியின் சாற்றைக் கலந்து வைத்துவிட்டு, உதடு எப்போது வீங்கும் என்று காத்திருக்கிற பெண் அவள். இரண்டு அக்காமாரோடு பிறந்த எனக்கு அந்த ஆத்திரம் புரிகிறது. லிப்ஸ்டிக்தான் எங்கள் வீட்டில் கிடையாது.

கதையின் முடிச்சு, 1840-ல் பிரிட்டன் வெளியிட்ட உலகின் முதல் ஒட்டுத் தபால்தலையில் இருக்கிறது. கறுப்பு நிறம், ஒரு பென்னி விலை. ஒரு தாளில் 240 தலைகள். அன்றைய கணக்கில் சரியாக ஒரு பவுண்டு. அதன்மேல் சிவப்பு மையில் முத்திரை குத்தினார்கள். கறுப்பின்மேல் சிவப்பு எடுபடவில்லை, மையைக் கழுவிவிட்டு மறுபடி ஒட்டவும் முடிந்தது. மறு ஆண்டே தலையைச் சிவப்பாக்கி, முத்திரையைக் கறுப்பாக்கிவிட்டார்கள். தட்டுத் தண்ணீரில் தபால்தலைகளை ஊறவைத்து, செய்தித்தாளில் காயப்போட்ட பருவம் உங்களுக்கும் இருந்திருந்தால், இந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்ட மாட்டீர்கள்.

குறையும் உண்டு. ஃப்ளேவியாவின் தந்தை தன் பள்ளிக்காலக் கதையைச் சொல்லும் அத்தியாயங்கள் இழுக்கின்றன. 11 வயதுக்கு இத்தனை வாய்ச்சாலகமா என்றும் சில இடங்களில் தோன்றும்.

என்னை உலுக்கியவர் தோட்டக்காரர் டாகர். போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, சயாம்–பர்மா ரயில் பாதையில் வதைபட்டுத் திரும்பியவர். திடீர் திடீரென்று நினைவு தடுமாறி நடுங்குகிறார். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர் கொண்டுபோய் வேலை வாங்கிய பாதை அது; போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. மலேசியத் தமிழர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்றே நாவல் எழுதியிருக்கிறார். ஆங்கிலக் கிராமத்துக் கொலைக் கதையைப் படிக்க உட்கார்ந்தவள், டாகர் வரும் இடத்தில் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன்.

பிராட்லி கனடாக்காரர். முதல் பகுதியையும் கதைச் சுருக்கத்தையும் மட்டும் அனுப்பி, 2007-ல் பிரிட்டனின் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தின் புதுமுக விருதைப் பெற்றார். 2009-ல் நாவல் வெளிவந்தபோது அவருக்கு வயது 70. கதை திரும்பி வந்தது என்று எங்களோடு கோபித்துக்கொள்ளும் இளைஞர்கள் கவனிக்க.

புத்தகம் இப்போது என் கையில் இல்லை. ஆறாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகள் எடுத்துப் போய்விட்டாள். நேற்று இரவு போனில், "அத்தை, ஆர்சனிக்குக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். அண்ணிக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறேன்.


ஆசிரியர்