இரு குமிழ்களும் ஓர் இரைச்சலும்

பழைய வால்வு இசைக்கருவிகளைப் பேணிவரும் இல்லங்களிலே ஒரு முறைப்பாடு அடிக்கடி எழுவதுண்டு. ஒலிக்குமிழைச் சற்றே திருப்பினாலும் வீடு அதிர்கின்றது. குறைத்து வைத்தாலோ, பாட்டு அடங்கும் இடங்களில் 'உஸ்' என்னும் இரைச்சல் மேலெழுகின்றது. கருவி பழுதாயிற்று என்றெண்ணி, நல்ல பொருளை வந்த விலைக்குக் கொடுத்துவிடுவோரும் உளர். வால்வுகளிற் குற்றம் இல்லாமலே இது நிகழக்கூடும்.

இங்கிலாந்திலே 1953 ஆம் ஆண்டில் வெளிவந்த குவாட் 2 என்னும் வலுவிரியலாக்கியை எடுத்துக்கொள்வோம். தன் முழு வலுவாகிய 15 உவாற்றையும் தருவதற்கு அதற்கு 1.4 உவோற்று போதும். வீட்டறையிலே பாட்டுக் கேட்பதற்கோ 1 உவாற்றே தாராளம். அதற்கு வேண்டுவது ஏறத்தாழ 0.36 உவோற்று. இனி, வரும் சைகையைப் பத்து மடங்காக்கும் வால்வு முன்விரியலாக்கி ஒன்றை இதற்கு முன்னே வைத்து, 2 உவோற்று தரும் இறுவட்டுக் கருவியை இணைத்தால் என்னவாகும்? அந்த 2 உவோற்றில் ஐம்பத்தைந்தில் ஒரு பங்கே நமக்குத் தேவை. குமிழ் தன் பாதையின் தொடக்கத்திலேயே முடங்கிக் கிடக்கும். அவ்விடத்தில் இடமும் வலமும் ஒத்து நடப்பது அரிது. பாடகர் ஒரு பக்கமாக நகர்ந்து நின்று பாடுவார்!

இரைச்சலின் கதை வேறு. முன்விரியலாக்கியின் குமிழ் பெரும்பாலும் அதன் இறுதி வால்வுக்கு முன்னே அமைந்திருக்கும். எனவே அக்குமிழை எவ்வளவு தாழ்த்தினாலும் அவ்வால்வு எழுப்பும் இரைச்சல் குறைவதில்லை. வலுவிரியலாக்கியின் வாயிலில் இரண்டாவது குமிழொன்று இருப்பின், அது பாட்டையும் இரைச்சலையும் ஒருங்கே தாழ்த்தும். அதனை ஐந்தில் ஒரு பங்குக்கு இறக்கிவிட்டு, முன்குமிழை உயர்த்திப் பாட்டை மீட்டுக்கொள்ளலாம். இரைச்சல் இறங்கியபடியே நிற்கும். இப்பொழுது முழு வலுவுக்கு முன்விரியலாக்கி 7 உவோற்று தரவேண்டும். நல்ல வால்வுக்கு அது சுமையன்று. ஆனால் ஆசை மிகுந்து இருபதில் ஒரு பங்காக்கினால் 28 உவோற்று வேண்டும். நமது உதாரணத்திலோ 20க்கு மேல் வர வழியில்லை.

செய்முறை எளிது. பின்குமிழை முற்றாக மூடுக. அப்பொழுதும் இரைச்சல் கேட்குமாயின், அது வலுவிரியலாக்கியினுடையது. முன்னதை நோவதிற் பயனில்லை. அடங்கிவிட்டால், பாட்டை ஓடவிட்டு, முன்குமிழைக் கடிகாரத்தின் பன்னிரண்டு மணி நிலையில் நிறுத்திப் பின்குமிழை மெல்ல உயர்த்துக. தாம் விரும்பும் உரத்த ஒலி வந்ததும் அதனை அங்கேயே விட்டுவிடலாம்.

குவாட் 2 இல் இத்தகைய குமிழ் கிடையாது. சிறு பெட்டியொன்றில் வெளியே அமைத்து, வலுவிரியலாக்கிக்கு அணித்தாக வைத்தல் வேண்டும். ஓர் இலட்சம் ஓம் தடை பொருந்தும். ஐந்து இலட்சமாயின் உயர்ந்த மீடிறன்கள் மங்கும். கருவியின் உள்ளே மாணவர்கள் கைவைத்தலாகாது. அங்கே 300 உவோற்றுக்கு மேற்பட்ட மின் உண்டு. ஆளியை மூடிய பின்னும் அது சிறிது நேரம் தங்கி நிற்கும்.