ஃப்ளெக்ஸ் வைத்த ஊரில் ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாதா?

"எதுக்கு இதையெல்லாம் போய் ஃபேஸ்புக்ல போட்டுக்கிட்டு?"

சமூக ஊடகம் பற்றிய பேச்சு வந்தாலே இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. கேட்பவர் சித்தப்பாவாக இருக்கலாம், கல்லூரிப் பேராசிரியராக இருக்கலாம், பட்டிமன்றப் பேச்சாளராக இருக்கலாம். ஐயாயிரம் நண்பர்களை வைத்துக்கொண்டு தினமும் மூன்று பதிவு போடும் எழுத்தாளராகவும் இருக்கலாம். கேள்வி என்று பெயர்தான், பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். விளம்பர மோகம், லைக் பைத்தியம், வெட்கங்கெட்ட தலைமுறை. கடைசியில் ஒரு பெருமூச்சு: "அந்தக் காலத்துல குடும்ப விஷயம் வாசப்படி தாண்டாது."

தாண்டாதா? அப்படி ஒரு வாசற்படி தமிழ்நாட்டில் எந்த ஊரில் இருந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு நிஜமாகவே ஆசை.

ஒரு பெண்பிள்ளை வயதுக்கு வந்ததைப் பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்து, குழாய் ரேடியோ கட்டி ஊருக்கு அறிவிப்பவர்கள் நாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் உடம்பில் நடந்த ஒரு மாற்றம் மெயின் ரோட்டு முக்கில் பத்தடி உயர ஃப்ளெக்ஸாக நிற்கும். நடுவில் அவள் படம், சுற்றிலும் கூலிங் கிளாஸ் போட்ட தாய்மாமன்கள், மேலே கட்சித் தலைவர். மறுவாரம் பள்ளிக்கூடத்துக்கு அவள் அந்த ஃப்ளெக்ஸைத் தாண்டித்தான் போகவேண்டும். "உன் படத்தைப் போடலாமா?" என்று அவளிடம் யாராவது கேட்டார்களா?

பிறகு கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் மணமகள் தேவை பகுதியில் சாதி, உட்பிரிவு, நட்சத்திரம், உயரம், நிறம், சம்பளம், முதல் திருமணம் முறிந்ததா இல்லையா என்று எல்லாமே இருக்கும். மொய் எழுதும் இடத்தில் எந்த மாமா எவ்வளவு வைத்தார் என்பதை மைக்கில் வாசிக்கும் ஊர்கள் இருக்கின்றன. கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் ஆனால் பஸ் ஸ்டாண்டில் வைத்து, நாலு பேர் காதுபட, "என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?" ஒரு பெண்ணின் கர்ப்பப்பை பற்றிய விசாரணை அது. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் அக்கறை. செத்தாலும் விடுவதில்லை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் டீக்கடைச் சுவரில் ஏறிவிடும்.

இவை எல்லாமே கெட்டவை என்று சொல்ல வரவில்லை. மொய் நோட்டு இல்லாவிட்டால் பல வீடுகளில் கல்யாணமே நடந்திருக்காது. இரங்கல் போஸ்டர் ஒரு சாவை ஊரின் சாவாக்குகிறது. நான் சொல்வது ஒன்றுதான். சொந்த வாழ்க்கையைப் பொதுவில் வைப்பது நமக்குப் புதிதே இல்லை. எதை வைப்பது, எப்போது வைப்பது, யார் வைப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் குடும்பத்திடமும் சாதியிடமும் ஊரிடமும் இருந்தது. செல்போன் வந்து அந்த அதிகாரத்தில் கொஞ்சத்தைப் பிடுங்கி, யாருடைய வாழ்க்கையோ அவர் கையில் கொடுத்துவிட்டது. கோபம் அங்கிருந்துதான் வருகிறது.

நம்பாதவர்கள் எந்தப் பதிவுக்குத் திட்டு விழுகிறது என்று பாருங்கள். பையன் புது பைக் முன்னால் நின்று படம் போட்டால் சித்தப்பாவே ஹார்ட் விடுவார். குழந்தை பிறந்ததைப் போட்டால் முந்நூறு வாழ்த்து. கரு கலைந்ததை ஒருத்தி எழுதினால், "இதெல்லாம் பொதுவெளியில எழுதுற விஷயமாம்மா?" கல்யாண ஆல்பத்தில் நாற்பது படம் போடலாம். அந்தக் கல்யாணம் ஏன் முறிந்தது என்று நாலு வரி எழுதினால் அது குடும்ப மானம். கோயிலுக்குப் போனதைப் போடலாம். வாடகைக்கு வீடு கேட்டபோது சாதி கேட்டார்கள் என்று போட்டால், "எல்லாத்தையும் பெருசு பண்ணாதீங்க." குடும்பம் தானே வெளியிட்டிருக்கும் விஷயங்கள் எதற்கும் தடை இல்லை. குடும்பம் மறைத்திருக்கக்கூடிய விஷயங்களுக்கு மட்டும்தான் இந்த 'அந்தரங்கம்' என்ற சொல் வெளியே எடுக்கப்படுகிறது.

மனிதர்கள் ஏன் பகிர்கிறார்கள் என்ற கேள்விக்கு ஆய்வுக்கூடத்திலும் விடை தேடியிருக்கிறார்கள். ஹார்வர்டில் டயானா தமீரும் ஜேசன் மிட்செலும் 2012இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள், தங்களைப் பற்றிச் சொல்லும் வாய்ப்புக்காகக் கிடைக்கவேண்டிய காசில் 17 முதல் 25 சதவீதம் வரை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள். சொல்வதே ஒரு இன்பம். இதை வைத்து "பாத்தியா, போதை" என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. காசு போனாலும் பரவாயில்லை, என்னைப் பற்றி நான் சொல்லிக்கொள்கிறேன் என்கிற ஆசை, திண்ணையிலும் குழாயடியிலும் உட்கார்ந்து பேசிய காலத்திலேயே இருந்த ஆசைதான். திண்ணை போய்விட்டது. ஊரை விட்டு வந்து ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து விடுதி அறைக்குத் திரும்பும் பெண்ணுக்கும், சிங்கப்பூரில் தங்குவிடுதிக் கட்டிலில் படுத்திருக்கும் பையனுக்கும் "சாப்பிட்டியா?" என்று கேட்க அறையில் ஆள் இல்லை. அதனால் தட்டைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். யாராவது ஒருத்தர் பார்த்துவிட்டு, "என்னடா, இன்னைக்கும் தயிர் சாதமா?" என்று கேட்கமாட்டார்களா என்ற ஏக்கம்தான் அது. இதைப் போய் நோய் என்றால் எப்படி?

இந்த இதழைப் படிக்கிற நாமும் இந்த ஏளனத்தில் சுத்தமான ஆட்கள் இல்லை. அச்சில் வந்தால் அது தன்வரலாறு, ஸ்டோரியில் வந்தால் அலட்டல் என்று நமக்குள் ஒரு தராசு இருக்கிறது. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. ஒரு பெண் தன் தெருவை, தன் பிள்ளைப் பருவத்தை, தான் இருந்த கன்னியர் மடத்தை, தன் பேச்சுமொழியிலேயே எழுதினார். இன்று அது பாடத்திட்டத்தில் வைத்துப் படிக்கப்படும் நூல். வந்த காலத்தில் சொந்த ஊரிலேயே எதிர்ப்பு கிளம்பியது. ஊர் விஷயத்தை வெளியே கொண்டுபோனாள் என்பதுதான் குற்றச்சாட்டு. அதாவது, "எதுக்கு இதையெல்லாம் எழுதிக்கிட்டு?"

டிக்டாக்கும் அந்தத் தராசில்தான் நிறுக்கப்பட்டது. 2020 ஜூன் 29 அன்று அது உட்பட 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தபோது, காரணம் எல்லைப் பிரச்சினை, தேசப் பாதுகாப்பு. ஆனால் நம் டைம்லைனில் பலர் சந்தோஷப்பட்ட காரணம் வேறு. "இனிமே இந்தக் கொடுமையெல்லாம் பாக்க வேண்டாம்." எது கொடுமை? கரும்புத் தோட்டத்தில் வேலை முடிந்து ஆடும் அக்கா, கட்டட வேலைக்கு நடுவில் சாரத்தில் நின்று வாயசைக்கும் பையன், அறுபது வயதில் வசனம் பேசும் பாட்டி. இவர்களுக்கு அதுவரை கேமரா முன்னால் நிற்க இரண்டு வாய்ப்புதான் இருந்தது: கல்யாண வீடியோ, இல்லாவிட்டால் வெள்ள நிவாரணச் செய்தி. நடுத்தர வர்க்கம் இமயமலையில் நின்று போடும் படம் பயண அனுபவமாம், இவர்கள் வரப்பில் நின்று போடுவது மட்டும் கேவலமாம். போங்க சார்.

சரி, மறைத்து வைத்தால் பாதுகாப்பு என்கிறார்களே, அதைப் பார்ப்போம். 2019இல் பொள்ளாச்சி வழக்கு வெளியே வந்தது. பெண்களோடு பழகி, ஏமாற்றி அழைத்துப்போய், வன்கொடுமை செய்து, அதை வீடியோ எடுத்து, அந்த வீடியோவை வைத்து மிரட்டிய கும்பல். அந்த வீடியோவுக்கு மிரட்டும் சக்தியைக் கொடுத்தது எது? "வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்" என்ற பயம். அந்தப் பயத்தை அந்தக் கும்பல் உண்டாக்கவில்லை. அதைப் பிறந்த நாளிலிருந்து ஊட்டி வளர்த்தது நாம். வழக்கு வெடித்த பிறகும் ஒரு கூட்டம் கேட்டது: "பொண்ணுங்க எதுக்கு ஃபேஸ்புக்ல பழகணும்?" அதோடு நிற்கவில்லை. வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலேயே புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் வெளியானது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. இந்த வழக்கில் அந்தரங்கத்தை மீறியவர்களின் வரிசையைப் பாருங்கள்: கும்பல், பிறகு அரசாணை. பாதிக்கப்பட்ட பெண்கள் அதில் இல்லை. அறிவுரை மட்டும் அவர்களுக்குத்தான் போனது.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. அந்தத் தீர்ப்பில் அந்தரங்கம் என்பது கதவைச் சாத்திக்கொள்வதோடு முடிந்துவிடவில்லை. தன்னைப் பற்றிய தகவல் தன் கட்டுப்பாட்டில் இருப்பதும் அதில் சேர்த்தி. நம் மக்களுக்கு இதைச் சட்டம் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் நியூஸ் ஃபீடைக் கொண்டுவந்தபோது லட்சக்கணக்கான பயனாளர்கள் எதிர்ப்புக் குழுக்களில் சேர்ந்தார்கள். ஃபீடில் வந்ததெல்லாம் அவர்களே தங்கள் பக்கத்தில் போட்டவை, நண்பர்கள் ஏற்கெனவே பார்க்கக்கூடியவை. ஆனால் தேடி வந்து பார்ப்பது வேறு, கம்பெனி எடுத்துக்கொண்டுபோய் எல்லார் முன்னாலும் வைப்பது வேறு. சில நாட்களிலேயே ஃபேஸ்புக் இறங்கிவந்து கட்டுப்பாட்டு வசதிகளைச் சேர்த்தது. பகிர்கிறவனுக்கு அந்தரங்க உணர்வு இல்லை என்பது பொய்.

"அப்போ கம்பெனிக்காரன் சம்பாதிக்கிறது பரவாயில்லையா?" என்று கேட்கலாம். பரவாயில்லை என்று யார் சொன்னது? மெட்டாவின் 2023 வருமானம் ஏறக்குறைய 13,500 கோடி டாலர், கிட்டத்தட்ட அவ்வளவும் விளம்பரத்தில் வந்தது. உங்கள் துக்கத்துக்குக் கீழே செருப்பு விளம்பரம் வருவது தற்செயலாக நடப்பதில்லை. எந்தப் பதிவு மேலே வரவேண்டும் என்று அவன்தான் முடிவு செய்கிறான், லைக் எண்ணிக்கையைக் காட்டி அடுத்த பதிவுக்கு நம்மை அவன்தான் தள்ளுகிறான். இதைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் கவனித்தீர்களா, "எதுக்குப் போட்டே?" என்று கேட்பவர்கள் ஒருநாளும் அந்தக் கம்பெனியைப் பார்த்து, "எதுக்கு எடுத்தே?" என்று கேட்பதில்லை. தண்ணீர் லாரிக்காரன் கொள்ளையடிக்கிறான் என்பதற்காகத் தாகம் எடுத்தவளை அடிக்கிற நியாயம் இது.

ஆனால் இந்த வாதம் நமக்கு வசதியான இடத்தோடு நிற்காது. யாருடைய வாழ்க்கையோ அவர் கையில் என்றால், அந்த வரம்பு பகிர்கிறவருக்கும் உண்டு. பிரிந்துபோன காதலியின் சாட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுவது உன் கதையைச் சொல்வது ஆகாது, அவள் கதையைத் திருடுவது. ஐசியூவில் குழாய் சொருகிக் கிடக்கும் அப்பாவைப் படம் எடுத்து "பிரார்த்தனை செய்யுங்கள்" என்று போடும்போது, அந்தப் படத்தில் இருப்பவர் சம்மதம் சொல்லும் நிலையில் இல்லை. எல்லாவற்றையும் விடக் குழந்தைகள். குளிக்கிற வீடியோ, அழுகிற வீடியோ, மார்க் குறைந்ததற்குத் திட்டு வாங்குகிற வீடியோ. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பெற்றோரே ரீல்ஸ் போட்டால் யாரிடம் ஒப்புதல் கேட்பது? மகளின் மஞ்சள் நீராட்டைச் சேனலில் போட்டு வியூஸ் எண்ணுகிற அப்பா, நவீனமாக ஒன்றும் செய்துவிடவில்லை. மெயின் ரோட்டு முக்கில் நின்ற அந்தப் பழைய ஃப்ளெக்ஸைத்தான் கைக்குள் அடங்குகிற அளவில் வைத்திருக்கிறார். முன்பு மழை வந்தால் கிழிந்துவிடும். இது கிழியாது. அவளுக்கு இருபத்தைந்து வயதாகி, வேலை கேட்டுப் போகிற இடத்திலும் யாராவது தேடி எடுக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், மகள் தானே ஒரு படம் போட்டால் போனைப் பிடுங்குகிற அப்பாவும் பல வீடுகளில் இவரேதான்.

ஆகவே, தனிவாழ்க்கையைப் பகிர்வது சரியா தவறா என்று பட்டிமன்றம் நடத்துவதை நிறுத்திக்கொள்ளலாம். தன் கருச்சிதைவை, தன் விவாகரத்தை, தன் சாதி வலியை, தன் தயிர் சாதத்தை ஒருத்தர் தானே எழுதினால், அங்கே நமக்கு இருப்பது இரண்டு வழிதான்: படிக்கலாம், அல்லது கடந்து போகலாம். அறிவுரை சொல்ல நமக்கு அங்கே இடமில்லை. இன்னொருவர் படத்தையோ கதையையோ எடுத்துப் போட்டவரிடம் கேட்கத்தான் ஒரு கேள்வி இருக்கிறது. பெற்றவராக இருந்தாலும், கட்டியவராக இருந்தாலும், கம்பெனியாக இருந்தாலும், அரசாங்கமாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்.

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"